ஆயத்தம் என்னும் கல்வி

கல்லூரிகளின் விழாமலர்களிலே கல்வியின் பயன் குறித்து எழுதாதார் சிலரே. அறிவு பெறுதல், ஒழுக்கம் பெறுதல், உத்தியோகம் பெறுதல் என அப்பயன் பலவாறு வகுத்துரைக்கப்படும். இம்மூன்றையும் தாங்கிநிற்கும் ஒன்றை நம்மவர் பெரிதும் மறந்துவிட்டனர் என்பது எமது கருத்து. அதுதான் ஆயத்தம். ஒரு செயலிலே இறங்குமுன் அச்செயலுக்கு வேண்டியவற்றை அறிவாலும் கையாலும் மனத்தாலும் ஒழுங்குசெய்து வைத்தலையே ஈண்டு ஆயத்தம் என்கின்றோம். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தல் நம் மாணாக்கருக்குப் பழக்கமானதே. ஆயின், பரீட்சையிலே ஒரு வினாவைத் தவறவிட்டவன் இழப்பது சில புள்ளிகள். அவ்விழப்பும் அவனுக்கே உரியது. தவறுபவன் ஒருவன், அதன் விளைவை ஏற்பவன் வேறொருவன் என்ற நிலையிலே செய்யும் ஆயத்தம் வேறு வகையினது. அதனை விளங்கிக்கொள்ளுதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மயக்கமருந்து கொடுக்கப் பயிலும் தாதியர், நோயாளரிடம் அனுப்பப்படுமுன் தம்மை ஆயத்தஞ் செய்துகொள்ளும் முறையைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குத் தோன்றவில்லை.

நமது நாட்டிலே மயக்கமருந்து கொடுக்கும் பொறுப்பு வைத்தியர்களுடையது. தாதியர் அவர்க்குத் துணைநிற்பர். அமெரிக்காவிலோ வைத்தியர்களோடு, அதற்கென விசேட பயிற்சி பெற்ற தாதியரும் நூறாண்டுக்கு மேலாக இப்பணியைச் செய்துவருகின்றனர். இவ்வழக்கு அங்கே தோன்றிய வரலாறு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையதாதலின் அதனைச் சுருக்கமாகக் கூறுவோம்.

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், பொஸ்டன் நகரத்து மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே, பல்வைத்தியரான வில்லியம் மோட்டன் என்பார் ஈதர் ஆவியினால் ஒருவரை மயக்கிச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தும் வகையைப் பலரறியக் காட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரிலே எடின்பரோவில் சிம்சன் என்னும் வைத்தியர் குளோரபோமைப் பயன்படுத்தினார். நோவின்றி அறுவை செய்யலாம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் 1848ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையில், ஹன்னா கிறீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, கால்விரல் நகமொன்றை அகற்றுதற்காகக் குளோரபோம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களுள் உயிர்நீத்தாள். அகற்றவேண்டியது ஒரு நகம், பிரிந்ததோ ஓருயிர். நோயினும் கத்தியினும் வேறாக, மயக்கமே ஓர் ஆபத்து என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

எனினும், அதன்பின்னரும் நெடுங்காலம் அப்பணி எவருக்கேனும் ஒப்படைக்கப்படும் சில்லறைப் பணியாகவே மதிக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த இளம் வைத்தியரோ, மருத்துவ மாணவரோ ஈதரை ஊற்றிக்கொண்டு, கண்ணைச் சத்திரவைத்தியரின் கையிலே வைத்திருப்பர். தாமும் ஒருநாள் சத்திரவைத்தியராதல் வேண்டும் என்பதே அவர் நாட்டமாதலின், நோயாளியின் மூச்சிலே அவர் கருத்து நிலைக்கவில்லை. இக்குறையைக் கண்ட சில சத்திரவைத்தியர்கள் தாதியரை நாடினர். 1877ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரில் மேரி பேர்ணாட் என்னும் கன்னியாத்திரி இப்பணியை ஏற்றார். மினசோட்டாவின் மேயோ சகோதரர்களிடம் பணிபுரிந்த அலிஸ் மகோ என்னும் தாதி, 14,000க்கு மேற்பட்டோருக்கு மயக்கமருந்து கொடுத்தும் மயக்கத்தாலே ஒருவரும் இறக்கவில்லை என்ற பதிவை 1906இல் வெளியிட்டார். அன்று குருதியமுக்கத்தை இடையறாது காட்டும் கருவியில்லை. குருதியின் ஒட்சிசனை அளக்கும் கருவியுமில்லை. மகோ அம்மையாரிடம் இருந்தவை, மூச்சிலிருந்து அகலாத கண், நாடியிலிருந்து அகலாத விரல், நோயாளியை அச்சந்தெளிவித்து மெல்லத் துயிலச்செய்யும் சொல் ஆகிய இவையே.

1915இல் அகத்தா ஹொட்ஜின்ஸ் என்பார் கிளீவ்லன்ட் நகரத்து லேக்சைட் வைத்தியசாலையிலே பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினார். 1931இல் இத்தாதியர்க்கெனத் தேசிய சங்கமும் அவர் முயற்சியாற் பிறந்தது. தாதியர் இப்பணி செய்தல் முறையாகுமா என்ற வழக்குகள் 1917இல் கென்டக்கியிலும் 1936இல் கலிபோர்ணியாவிலும் தாதியர்க்குச் சார்பாகவே தீர்க்கப்பட்டன. வைத்தியரின் மேற்பார்வை எவ்வளவு வேண்டும் என்ற வாதம் இன்றும் அந்நாட்டிலே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு நிகழ்கின்றது. அவ்வாதத்திலே நாம் புகவில்லை. அவர்கள் பயிலும் முறையே ஈண்டு நம் பொருள்.

இக்கல்விக்கு விண்ணப்பிப்பவர் முன்னரே பதிவுபெற்ற தாதியாய் இருத்தல் வேண்டும். அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே குறைந்தது ஓராண்டேனும் பணியாற்றியிருத்தலும் வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் புதிதாகச் சேர்வோர் யாவரும் கலாநிதிப் பட்டத்துக்கே பயில்கின்றனர். அதற்கு மூன்றாண்டேனும் செல்லும். அக்காலத்துள் 600 நோயாளருக்குக் குறையாமல் மயக்கமருந்து கொடுத்தும், 2,000 மணித்தியாலங்களுக்குக் குறையாமல் வைத்தியசாலையிலே பயின்றும், இறுதியிலே தேசிய பரீட்சையிற் சித்தியடைந்தும் ஆகவேண்டும். பல கல்விநிலையங்களிலே முதற்கண் வகுப்பறைப் பாடங்கள் நிகழும். பின்னரே மாணவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அனுப்பப்படுவர். வகுப்பறைக்கும் கூடத்துக்கும் இடையேயுள்ள அந்த வாயிலைக் கடக்குமுன் அவர் செய்யவேண்டியது யாது?

முதலாவது, நோயாளியை அறிதல். நாளை யார்யாருக்கு என்னென்ன சிகிச்சை என்ற பட்டியல் மாலையிலேயே கிடைத்துவிடும். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம் எழுதுவார். நோயாளியின் வயது, நிறை, பழைய நோய்கள், உண்ணும் மருந்துகள், ஒவ்வாமை, முன்னர் மயக்கமருந்து பெற்ற அனுபவம், குடும்பத்திலே எவருக்கேனும் அதனால் நேர்ந்த தீங்கு ஆகியன அதில் இடம்பெறும். வாய் எவ்வளவு திறக்கும், கழுத்து எவ்வளவு வளையும், பல் ஆடுமா என்பனவும் அறியப்படும். தெளிந்த நீராகாரம் பருகி இரண்டு மணித்தியாலமும், எளிய உணவு உண்டு ஆறு மணித்தியாலமும் சென்றுவிட்டனவா என்பதும் உசாவப்படும். மயக்கத்திலே தொண்டையின் இயல்பான காவல் நீங்கிவிடுதலால், வயிற்றிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பையுட் புகக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

மருந்தின் அளவும் முன்னிரவிலேயே கணிக்கப்படும். துயிலூட்டும் புரொப்போபோல் என்னும் மருந்தை உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2 மில்லிகிராம் வீதம் கொடுப்பதாயின், 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு 120 மில்லிகிராம் வேண்டும். ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் உள்ள கரைசலிலே அது 12 மில்லிலீற்றர். இக்கணக்கு நம் கீழ்வகுப்புச் சிறுவர்க்கும் எளிது. ஆனால் நோயாளி எண்பது வயது மூதாட்டியாயின் அவ்வளவு கொடுத்தலாகாது. அவர் குருதியமுக்கம் சடுதியாக வீழ்ந்துவிடும். எண்ணைப் பெருக்குதல் கணிதம். எப்பொழுது குறைக்கவேண்டும் என்றறிதல் கல்வி.

இரண்டாவது, அறையை ஆயத்தஞ் செய்தல். நோயாளி வருதற்கு முன்னரே மாணவர் கூடத்துக்குச் சென்று, இயந்திரத்தைச் சோதிப்பார். சுவரிலிருந்து வரும் ஒட்சிசன் தடைப்பட்டால் உதவும் சேமிப்பு உருளை நிரம்பியுள்ளதா எனப் பார்ப்பார். இயந்திரமே பழுதுற்றாலும் கையால் அமுக்கிக் காற்றூட்டும் பையை எட்டும் தூரத்திலே வைப்பார். தொண்டையுள் ஒளிபாய்ச்சிக் குரல்வளையைக் காட்டும் கருவியின் விளக்கு எரிகின்றதா, சுவாசக்குழாய்கள் வேண்டிய அளவுகளில் உள்ளனவா, உமிழ்நீரையும் குருதியையும் அகற்றும் உறிஞ்சுகருவி வலுவாக இழுக்கின்றதா, ஒவ்வொரு ஊசிக்குழலிலும் மருந்தின் பெயரும் செறிவும் எழுதி ஒட்டப்பட்டுள்ளனவா என்றெல்லாம் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நோயாளிக்கும், அதே ஒழுங்கிற் பார்ப்பார்.

நேற்று நன்றாக இயங்கிய கருவியை இன்றும் ஏன் சோதித்தல் வேண்டும் என்று வினவுவார்க்கு, ஒரு சிறு கணக்கே விடையாகும். மல்லாந்து கிடக்கும் வளர்ந்தவர் ஒருவர் இயல்பாக மூச்சுவிட்ட பின்னர் அவர் சுவாசப்பையிலே எஞ்சியிருப்பது ஏறத்தாழ 2,500 மில்லிலீற்றர் வளி. அதில் ஐந்திலொரு பங்கே ஒட்சிசன். அஃதாவது 500 மில்லிலீற்றர் அளவு. உடல் ஒரு நிமிடத்திலே செலவிடுவது ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். ஆகவே, மூச்சு நின்றபின் கையிருப்பு இரண்டு நிமிடத்துக்கே போதும். துயிலூட்டுமுன் மூன்று நிமிடநேரம் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்தால், சுவாசப்பையிலிருந்த நைதரசன் வெளியேறி அவ்விடத்தை ஒட்சிசன் நிரப்ப, நலமுள்ள ஒருவருக்கு அந்த இரண்டு நிமிடம் எட்டு நிமிடமளவாக நீளும். பருத்த உடலினர், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு அது விரைவிலே குறைந்துவிடும். இந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே குழாயைச் செலுத்தி முடித்தல் வேண்டும். உறிஞ்சுகருவி பழுது என்பதை அப்பொழுது கண்டுபிடிப்பவர், தம்முடையதல்லாத காலத்தைச் செலவிடுகின்றார்.

மூன்றாவது, கையைப் பழக்குதல். முகமூடியை இடக்கையாற் பற்றித் தாடையை உயர்த்திக் காற்றூட்டுதல் எளிதாகத் தோன்றும். உண்மையிலோ அது பலநாட் பயிற்சியால் வருவது. மாணவர் முதலில் பொம்மைகளிலே பழகுவர். அரிதாய் வரும் விபத்துக்களையும் ஒத்திகையாக நடத்துவர். மயக்க வாயுக்கள் சிலவற்றால், பரம்பரைக் குறைபாடுடைய சிலருக்கு உடல்வெப்பம் கட்டுக்கடங்காது ஏறித் தசைகள் விறைக்கும் நோயொன்று உண்டு. 1960இல் மெல்பேண் நகரத்து வைத்தியர்கள் ஒரு குடும்பத்திலே நிகழ்ந்த மரணங்களைக்கொண்டு அதனை இனங்கண்டனர். அதற்குரிய மருந்து டன்றோலீன். 70 கிலோகிராம் நிறையுள்ளவருக்குக் கிலோகிராமுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் முதல்முறை வேண்டியது 175 மில்லிகிராம். பழைய முறையிலே தயாரிக்கப்படும் ஒரு குப்பியில் 20 மில்லிகிராமே இருக்கும். ஒவ்வொன்றையும் 60 மில்லிலீற்றர் நீரிலே கரைத்தல் வேண்டும். ஒன்பது குப்பிகளைக் கரைத்துக்கொண்டே நோயாளியையும் ஒருவர் தனித்துக் காத்தல் இயலாது. எனவே, அந்த ஒத்திகையிலே மாணவர் கற்கும் முதற்பாடம் உதவிக்கு அழைத்தல். யார் எதைச் செய்வது என்று தெளிவாகப் பெயர்சொல்லிப் பணித்தல்.

நான்காவதாகிய மன ஆயத்தத்தை இங்கிருந்தே தொடங்கலாம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே பலரும் மதிக்கும் தாதியாயிருந்தவர் இப்பயிற்சியிலே மீண்டும் கடைநிலை மாணவராகின்றார். நாள்தோறும் ஒருவர் அருகே நின்று அவர் கையைத் திருத்துவார். அத்திருத்தத்தை அவமானமென்று கொள்பவர் குறையை மறைக்கத் தொடங்குவார். மறைக்கப்பட்ட குறை நோயாளியிடத்திலே வெளிப்படும். ‘எனக்குத் தெரியவில்லை’, ‘இதைச் சற்று நிறுத்துங்கள்’ என்னும் இரண்டு வாக்கியங்களைத் தயங்காது கூறப் பழகுதல் மருந்தின் பெயர்களைக் கற்றலினும் கடினமானது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைக்கெனச் சரிபார்ப்புப் பட்டியலொன்றை வெளியிட்டது. கத்தியெடுக்குமுன் கூடத்திலுள்ளோர் யாவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறி, நோயாளியையும் சிகிச்சையையும் உறுதிசெய்தல் அதில் ஒரு பகுதி. எட்டு நகரங்களின் எட்டு வைத்தியசாலைகளிலே அதனைக் கைக்கொண்டு பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்விலே, மரணவீதம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகவும், பெருஞ் சிக்கல்கள் நூற்றுக்கு 11இலிருந்து 7ஆகவும் குறைந்தமை காணப்பட்டது. புதிய மருந்தொன்றும் அங்கே புகுத்தப்படவில்லை. முன்கூட்டி ஒழுங்கு செய்தலும் வாய்திறந்து பேசுதலுமே புகுத்தப்பட்டன.

இவ்வளவு முன்னேற்பாடு மனிதனை இயந்திரமாக்கிவிடும் என்று கருதுவாரும் உளர். எதிர்பாராதது வரும்பொழுது எழுதிவைத்த திட்டம் என்ன செய்யும் என்று அவர் வினவுவர். நாம் கூறுவது, எதிர்பார்க்கக்கூடியவற்றையெல்லாம் முன்னரே முடித்துவைத்தவருடைய மனமே எதிர்பாராததைச் சந்திக்க ஓய்வுடையதாயிருக்கும் என்பதாம். ஊசிக்குழலைத் தேடிக்கொண்டிருப்பவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதெங்ஙனம்? இராகத்தின் இலக்கணத்திலே நெடிது பழகிய நாதஸ்வர வித்துவானே திருவிழா இரவிலே மனோதர்மத்தோடு வாசிக்க வல்லவனாகின்றான் என்பதை நம்மூர்க் கோயில்வீதியில் நின்றவர் அனைவரும் அறிவர்.

இக்காலத்திலே கருவிகள் யாவற்றையும் காட்டுகின்றனவே என்று இன்னொரு சாரார் கூறுவர். யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஓயாகி 1974இல் வெளிப்படுத்திய தத்துவத்தினால், விரல்நுனியிலே ஒரு கவ்வியைப் பொருத்திக் குருதியின் ஒட்சிசனை அறிய முடிகின்றது. அது பல உயிர்களைக் காத்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், சுவாசப்பையின் இருப்பு பெரும்பாலும் தீருமளவும் அக்கருவியின் எண் உயர்ந்தே நிற்கும். பின்னரே விரைந்து வீழும். எண் வீழ்ந்தபின் விழிப்பவர் பிந்தி விழித்தவராவர். அதற்கு முன்னரே மார்பு உயர்கின்றதா என்று நோக்குதற்கு அலிஸ் மகோவின் கண்ணே இன்றும் வேண்டும்.

இனி, கடல்கடந்த நாட்டுத் தாதியரின் பயிற்சி நம் கல்லூரிக்கு எதற்கு என்ற வினா எழலாம். இரண்டு காரணங்களால் வேண்டும் என்போம்.

முதற்காரணம், நம் மதிப்பீட்டிலே உள்ள கோணல். நம் பெற்றோர் பலர்க்கு வைத்தியத்துறையிலே வைத்தியர் என்னும் ஒரு படி மாத்திரமே கண்ணுக்குத் தெரிகின்றது. அப்படியை எட்டாத பிள்ளை தோற்றவனாக எண்ணப்படுகின்றான். தாதியாக விரும்பும் ஆண்பிள்ளையோ நகைப்புக்கு ஆளாகின்றான். அமெரிக்காவிலே மயக்கமருந்துத் தாதியருள் ஆடவர் கணிசமான தொகையினர் என்பதை இங்கு நினைவூட்டலாம். அவ்வளவு தூரம் போதலும் வேண்டா. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பேணுவோனையும் சேர்த்து நான்காக எண்ணினார். நான்கில் ஒன்றை இழிந்ததாக எண்ண அவர் நமக்கு உரிமை தரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தாதியியற் பட்டப்படிப்பு உண்டு. அதிலே சேரும் மாணவனை, மருத்துவபீடம் செல்லும் மாணவனுக்குரிய அதே பெருமிதத்தோடு இக்கல்லூரி வழியனுப்புதல் வேண்டும்.

இரண்டாவது காரணம், நம் கற்கை முறை. நம் மாணாக்கர் விடைகளைச் சேமிக்கின்றனர். வினா எழும் இடத்திற்குத் தம்மை ஆயத்தஞ் செய்வதில்லை. ஆய்வுகூடத்திலே உபகரணங்களை மற்றொருவர் ஒழுங்குசெய்து வைக்க, மாணவன் வந்து வாசிப்பை எழுதிச் செல்கின்றான். வகுப்பிலே ஐயத்தை வெளியிடாது அமர்ந்திருப்பவன் அடக்கமுள்ளவன் எனப் பாராட்டப்படுகின்றான். அந்த அடக்கத்தையே வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்பவன், மூத்தவர் தவறு செய்யக் கண்டும் வாய்திறவான். மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். பிற்காலத்திலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறு, சத்திரவைத்தியம் முதலிய துறைநூல்களைத் தமிழாக்கவும் செய்தவர். கற்றது தாய்மொழியிலே விளங்கினாலன்றி அது கைக்கு இறங்காது என்பதை அவர் பணியிலிருந்து நாம் உணரலாம். ஆங்கிலத்திலே மனப்பாடஞ் செய்த வாக்கியம் பரீட்சை மண்டபத்திலே உதவலாம். நடுங்கும் நோயாளிக்கு இனி நிகழப்போவதை எடுத்துரைக்க உதவாது.

ஆதலின், இவ்விழா ஆண்டிலே மூன்று காரியங்களை நாம் வேண்டிநிற்கின்றோம். உயர்வகுப்பு மாணவர் அனைவருக்கும், நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முதலுதவியைக் கையாற் பழக்குதல் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துதல் புத்தகத்தாற் கைவரக்கூடியதன்று. ஆய்வுகூடத்திலே ஒவ்வொரு மாணவனும் உபகரணங்களைத் தானே ஒழுங்குசெய்து, எதிர்பார்க்கும் பெறுபேற்றையும், பிழைக்கக்கூடிய இடங்களையும் முன்கூட்டியே எழுதிவிட்டுப் பரிசோதனையைத் தொடங்குதல் வேண்டும். மூன்றாவது பழைய மாணவர்க்குரியது. வைத்தியசாலைகளிலே பணிபுரியும் நம் பழைய மாணவர்கள், வைத்தியர் மட்டுமன்றித் தாதியரும் இயன்மருத்துவரும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரும், ஆண்டுக்கொருமுறையேனும் கல்லூரிக்கு வந்து தத்தம் தொழிலின் இயல்பை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை; மனம் வேண்டும்.

மயக்கமருந்து கொடுப்பவரின் வேலை நன்றாக நிறைவேறிய நாளிலே சொல்லுதற்கு ஒரு கதையும் இராது. நோயாளி கண்விழிப்பார், சத்திரவைத்தியருக்கு நன்றி கூறுவார், தம் தலைமாட்டில் நின்றவரின் பெயரையும் அறியாது வீடு செல்வார். அவ்வாறு ஒன்றும் நிகழாதிருத்தலே அவருடைய வெற்றி. அதனை முதல்நாள் மாலையிலேயே சம்பாதித்துக்கொண்டார் அவர். பரிசளிப்பு மேடைகளிலே இத்தகைய வெற்றிக்குப் பதக்கம் இல்லை. பதக்கமில்லாத இவ்வெற்றியையும் மதிக்கக் கற்ற மாணவர் நம் கல்லூரியிலே பெருகுவாராக.